பழைய டிஸ்க், புதுக் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, பழைய சிபியூவுக்குள் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? இதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் 1999-லிருந்து சர்வீஸ் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேஜைக்கு அதிகம் வந்த கேள்வியும் இதுதான். ஆகவே இந்த முறை முழுக்க முழுக்க டிஸ்க் பற்றித்தான்.

என் கணவர் காலமாகி மூன்று வருடமாகிறது. அவருடைய பழைய கம்ப்யூட்டர் 2009-க்குப் பிறகு ஓடவே இல்லை. மகன் இப்போது புதிது வாங்கித் தந்திருக்கிறான். பழையதிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் அகலமான பட்டை கேபிள் மாட்டும் இடம் இருக்கிறது. புதியதில் அப்படி எதுவும் இல்லை. எங்கள் ஊர்க் கோயில் பற்றியும் குடும்பம் பற்றியும் அவர் எழுதியதெல்லாம் அதற்குள் இருக்கிறது. "இது இனி எதிலும் மாட்டாது, தூக்கிப் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுக்கோட்டை

வழி உண்டு அம்மா. தூக்கி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஐ.டி.இ. டிஸ்க். 2003-ல் சாட்டா என்ற மெல்லிய கேபிள் முறை வந்தது. அதற்குப் பிறகு ஐ.டி.இ. மெல்ல மெல்ல ஒதுங்கி, இப்போதைய மதர்போர்டுகளில் அந்த இடமே கிடையாது. புதுக் கம்ப்யூட்டருக்குள் மாட்ட முடியாது என்று கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் உள்ளே மாட்ட வேண்டிய அவசியமே இல்லையே! "ஐ.டி.இ., சாட்டா டு யு.எஸ்.பி. கன்வெர்ட்டர்" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூடவே சுவரில் செருகும் பவர் அடாப்டரும் இருக்க வேண்டும். உங்கள் டிஸ்க் பெரிய 3.5 அங்குல வகை. அதன் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட்தான். அடாப்டர் இல்லாத கன்வெர்ட்டரை வாங்கி மாட்டிவிட்டு, "டிஸ்க் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

மாட்டுவதில் அவசரம் கூடாது. டிஸ்க்கின் பின்புறம் இரண்டு வரிசையில் ஊசி ஊசியாக 39 கம்பிகள் தெரியும். நாற்பதில் ஒன்று நடுவில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும், தலைகீழாக மாட்டிவிடக்கூடாது என்பதற்காக. நேராக அமுக்குங்கள். சாய்த்து அமுக்கினால் ஒரு கம்பி மடங்கும், அதை நிமிர்த்தும்போது முறியும். பக்கத்தில் நான்கு ஓட்டை பவர் கேபிள்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டும் கறுப்பு. அதன் ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் செதுக்கியது போலச் சாய்ந்திருக்கும். அது இறுக்கமாகத்தான் போகும். ஆனால் இறுக்கம் வேறு, தலைகீழ் வேறு. தலைகீழாகத் திணித்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்கின் போர்டு கருகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஊசிகள் மேல் செருகிய சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், அதுதான் ஜம்பர். அதை "மாஸ்டர்" நிலையில் வையுங்கள்; படம் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்காக இருந்தால் தனியாக ஓட "சிங்கிள்" என்று வேறு ஒரு நிலை உண்டு.

இத்தனை வருடம் தூங்கிய டிஸ்க் எழுந்து ஓடுவது இதுவே கடைசி முறையாகவும் இருக்கலாம். அப்படி எண்ணிக்கொண்டே உட்காருங்கள். மரமேஜையில் சமமாக வையுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம். கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள், யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. சுவிட்சைப் போட்டதும் "உய்ங்" என்று ஏறி ஒரே சுருதியில் நிற்க வேண்டும். நின்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து வருவதுதான் ஆபத்தான கட்டம். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்றோ, "இனிஷியலைஸ் செய்யவா" என்றோ விண்டோஸ் கேட்கலாம். எது கேட்டாலும் கேன்சல். இரண்டு முறை கேட்டாலும் கேன்சல்தான். அது டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்பதை விண்டோஸ் சொல்லும் விதம். உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

டிஸ்க் திறந்துகொண்டால் முழுவதையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். எக்ஸ்பி காலத்து டிஸ்க் என்பதால், பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவாக இருந்த பகுதியில் (இப்போது வேறு எழுத்தில் தெரியும்) "டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்" ஃபோல்டரைத் திறந்து, அதில் உங்கள் கணவர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் போங்கள். டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ் இரண்டும் அதற்குள் இருக்கும். அவர் எழுதியதை முதலில் எடுங்கள். எழுத்துக் கோப்புகள் பொடிசு. சில நிமிடத்தில் வந்துவிடும். போட்டோ அடுத்தது. பாட்டும் சினிமாவும் கடைசியில், நேரமிருந்தால். கூடவே அதே பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "ஃபான்ட்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதையும் முழுசாக எடுத்துவிடுங்கள். ஏன் என்பது யாழ்ப்பாணத்து வாசகருக்கான பதிலில் வருகிறது, அதை மறக்காமல் படியுங்கள்.

தேனியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். புதுசாக அசெம்பிள் செய்தபோது பழைய சாட்டா டிஸ்க் மூன்றையும் மாட்டிவிட்டு, எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தகடு இல்லாத சிப் டிஸ்க்) விண்டோஸ் 11 போட்டோம். இப்போது ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்றினால் விண்டோஸே வரவில்லை. இன்னொரு டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. மூன்றிலும் பத்து வருடக் கல்யாண ஆல்பங்கள் இருக்கின்றன.
– போட்டோகிராபர், தேனி

தம்பி, உங்கள் இரண்டு சிக்கலுக்கும் டிஸ்க் காரணமில்லை.

விண்டோஸ் போடும்போது வேறு டிஸ்க்குகளும் மாட்டியிருந்தால், கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான பூட் பகுதியைப் பழைய டிஸ்க் ஒன்றில் வைத்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. விண்டோஸ் புது எஸ்.எஸ்.டி.யில், வாசல் கதவு பழைய டிஸ்க்கில். அந்தப் பழைய டிஸ்க் போனால் புதுக் கம்ப்யூட்டரும் படுத்துவிடும். இப்போதுதான் போட்டிருக்கிறீர்கள் என்பதால், மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மட்டும் இருக்கும்போது மறுபடி விண்டோஸ் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒட்டுப்போடும் கட்டளைகள் உண்டு, ஆனால் கல்யாண ஆல்பம் மாட்டியிருக்கும் மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம்.

கண்ணில் படாத டிஸ்க்குக்கு மதர்போர்டு புத்தகத்தைப் பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 என்ற, கேபிள் இல்லாமல் நேராகச் செருகும் இடத்தில் எஸ்.எஸ்.டி.யைச் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் வேலை செய்யாது. இரண்டுக்கும் ஒரே பாதை. எந்த போர்ட் என்று புத்தகத்தில் ஒரு சின்ன அட்டவணையில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் வந்துவிடும். மாற்றியும் வரவில்லையென்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள்; டிரைவ் எழுத்து இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஒரு எழுத்து கொடுத்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புது எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டி) இரண்டு பக்கமும் கேபிள் கழற்றி மாட்டும் வகை என்றால், அதோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ். கேபிள் அச்சு அசலாக அதே போல இருக்கும், கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 2018-ல் என் மேஜைக்கு ஒருவர் இரண்டு டிஸ்க் கொண்டுவந்தார். வீட்டில் மிச்சமிருந்த கேபிளைப் போட்டிருக்கிறார். சுவிட்ச் போட்ட அந்த நொடியில் இரண்டும் போயிருந்தன. மகளின் முதல் பிறந்தநாள் ஒன்றில், அதன் பிரதி இன்னொன்றில். பிரதி எடுத்து வைத்த மனிதர் அவர்! இரண்டையும் ஒரே கேபிளில் மாட்டியதுதான் பிழை. அன்றிலிருந்து நான் பிரதியையும் மூலத்தையும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டிக்குள் ஓடவிடுவதில்லை. ஆல்பங்களை இரண்டு டிஸ்க்கில் எடுத்த பிறகு, ஒன்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

பத்து வருட டிஸ்க் என்பதால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். "கரன்ட் பெண்டிங் செக்டார்" என்ற வரியில் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எது இருந்தாலும், மற்ற வேலையை நிறுத்திவிட்டு அந்த டிஸ்க்கை முதலில் நகல் எடுங்கள். சி.ஆர்.சி. வரியில் மட்டும் எண் ஏறியிருந்தால் பயம் வேண்டாம். அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

500 ஜிபி டிஸ்க்கை மாட்டினால் 465 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?
– கல்லூரி மாணவர், கரூர்

எங்கேயும் போகவில்லை. கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 50,000 கோடி பைட் 465 ஜிபி ஆவது அப்படித்தான். பழைய கம்ப்யூட்டரிலும் அதே எண்தான் காட்டியிருக்கும்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுத்துவிட்டேன். போட்டோ எல்லாம் திறக்குது. ஆனா அவர் எழுதினதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. பழுதாப் போச்சுதோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

பழுதாகவில்லை ஐயா. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. இந்தப் பதிலை எழுதத்தான் இந்த மாதம் நான் காத்திருந்தேன்.

எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் ஒரே விதமாகப் படிக்கும் யூனிகோட் எழுத்துமுறை பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றின. உங்கள் பக்கத்தில் எல்லோரும் பயன்படுத்தியது பாமினி. அதில் "அம்மா" என்று அடித்தால், டிஸ்க்கில் எழுதப்படுவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எம்முக்கு அ-வின் உருவம், கேக்கு ம-வின் உருவம், அரைப்புள்ளிக்குப் புள்ளி, எச்சுக்குக் கால். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு இல்லாத புதுக் கம்ப்யூட்டரில் அது வெறும் அலங்கோலம். உங்கள் கோப்பில் ஏதாவது ஒரு வரியில் இந்த ஐந்தும் இதே வரிசையில் இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

பாமினி எழுத்துருவை விண்டோஸ் 11-லும் நிறுவலாம். நிறுவி, கோப்பில் எல்லாவற்றையும் தேர்ந்து எழுத்துருவை மாற்றினால் தமிழ் வந்துவிடும். அதோடு நிற்காமல் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிச் சேமியுங்கள். அப்போதுதான் உங்கள் பிள்ளைகள் போனிலும் படிக்க முடியும். மூலக் கோப்பையும் வைத்திருங்கள், மாற்றும்போது சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், ஒப்பிட்டுத் திருத்த வேண்டிவரும்.

இந்தியாவில் இது இன்னும் சிக்கல். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. 2010-ல்தான் யூனிகோடு அரசுத் தரமானது. இடையில் திஸ்கி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொன்று. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் தமிழ் யூனிகோடு ஓடாது என்பதால் அச்சகங்களும் டி.டி.பி. சென்டர்களும் வெகுகாலம் பழையதிலேயே இருந்தன. சில சென்டர்கள் தங்களுக்கென்று எழுத்துருவைத் திருத்தியும் வைத்திருந்தன.

2011-ல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். தன் கிராமத்தின் வரலாற்றை ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கி, அதைத் திருத்தித் திருத்தி நாலு வருடம் வளர்த்திருந்தார். நான் அவருடைய டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன், பழைய டிஸ்க்கைத் துடைத்து எக்ஸ்சேஞ்சில் விட்டேன். ஒரு வாரம் கழித்து வந்தார். "தம்பி, எழுத்து எல்லாம் கோணலா இருக்கு." நான் கையில் வைத்திருந்த ஒரு எழுத்துருவும் பொருந்தவில்லை. டி.டி.பி. சென்டரை மூடிவிட்டிருந்தார்கள். அந்த எழுத்துரு அவருடைய பழைய டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. நான்தான் அதைத் துடைத்திருந்தேன். கடைசியில் அவர் வீட்டில் இருந்த அச்சுப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. "ஸ்ரீ"க்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை, கையால் திருத்தினார்.

அதனால்தான் புதுக்கோட்டை அம்மாவிடம் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்கச் சொன்னேன். தமிழில் எழுதியவர் யாருடைய டிஸ்க்காக இருந்தாலும் அந்தக் கோப்புக்குச் சாவி அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. அலங்கோலமாகத் தெரிகிறது என்று எதையும் அழித்துவிடாதீர்கள்.

பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டி அப்படியே விண்டோஸோடு ஓட வைக்க முடியுமா? எங்கள் கடையின் டேலிக் கணக்கு அதில் இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் "அனுமதி இல்லை" என்கிறது.
– ஜவுளிக்கடைக் கணக்கர், ஈரோடு

பழைய விண்டோஸைப் புது வீட்டில் குடிவைக்க முயல வேண்டாம் சார். பழைய டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பூட் முறையில் எழுந்திருக்கும், புது போர்டு யு.இ.எஃப்.ஐ. என்ற புது முறையை எதிர்பார்க்கும். எழுந்தாலும் டிரைவர் தகராறு, லைசென்ஸ் தகராறு. புதிதாக விண்டோஸ் போட்டு, பழையதிலிருந்து டேட்டாவை மட்டும் எடுப்பதே நிம்மதி.

"அனுமதி இல்லை" என்பது பூட்டு இல்லை, பெயர்ப் பலகை. அந்த ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டரின் பயனருக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறது. "கன்டினியூ" அழுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும். இல்லையென்றால் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கோப்புப் பெயர்கள் பச்சை நிறத்தில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். அவை உண்மையிலேயே பூட்டப்பட்டவை. பழைய கம்ப்யூட்டரை ஒருமுறை உயிர்ப்பித்து, அங்கேதான் பூட்டைத் திறக்க வேண்டும்.

டேலிக் கணக்கு டாக்குமென்ட்ஸில் இருக்காது. டேலி ஃபோல்டருக்குள் "டேலி டாட் ஐ.என்.ஐ." கோப்பை நோட்பேடில் திறந்தால், டேட்டா எந்த இடத்தில் என்று ஒரு வரி சொல்லும். அங்கே வெறும் எண்களே பெயராக உள்ள ஃபோல்டர்கள்தான் உங்கள் கம்பெனிகள். எண்ணைப் பார்த்து ஏதோ குப்பை என்று விட்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். முழு டேட்டா ஃபோல்டரையும் எடுத்து, ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு, இன்னொன்றைப் புது டேலியில் திறந்து, கடைசி நாளின் பணக் கையிருப்பு பழைய அச்சோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

லேப்டாப் போர்டு போய்விட்டது. அதன் எஸ்.எஸ்.டி.யைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லை.
– ஐ.டி. ஊழியர், சென்னை

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் தானாகவே பிட்லாக்கர் பூட்டைப் போட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து லேப்டாப்பைப் பயன்படுத்தியிருந்தால் எண் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் உங்கள் ஐ.டி. பிரிவில் கேளுங்கள். எண் எங்குமே இல்லையென்றால் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. "எடுத்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மாட்டியதும் "டிக்… டிக்… டிக்" என்று ஒரே சீராகச் சத்தம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். உடனே பவரை எடுங்கள். உள்ளே படிக்கும் தலை தடுமாறும் சத்தம் அது. ஓட ஓடத் தகட்டைச் சுரண்டும். ஃப்ரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். அதில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முக்கியம் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிறுவனத்துக்கு அனுப்புங்கள், செலவு அதிகம்தான். அதுவரை யாரையும் திறந்து பார்க்க விடாதீர்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று. பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?
– வங்கி ஊழியர், விழுப்புரம்

ஆறு மாதம் பொறுங்கள். எதை எடுக்கவில்லை என்பது ஆறு மாதத்துக்குள்தான் தெரியவரும்.

பிறகு கொடுக்கும்போது, டெலிட் செய்வதும் குவிக் ஃபார்மேட்டும் எதையும் அழிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் "கிளீன் ஆல்" என்ற கட்டளை டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும். 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். தவறான டிஸ்க் எண்ணைக் கொடுத்தால் புதியது காலி, எனவே அந்த டிஸ்க்கையும் விண்டோஸ் உள்ள டிஸ்க்கையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கொள்ளளவைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்து அடியுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் உடைத்துத்தான் மின்கழிவு எடுப்பவரிடம் தர வேண்டும். பெரிய டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் அலுமினியம், வளையும். லேப்டாப் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் கண்ணாடி. பழைய துண்டில் நன்றாகச் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே அடி அடித்தால் போதும்.